வீட்டுப் புகைப்படங்களைக் கணினியில் ஒழுங்கு செய்வது எப்படி? டிஜிகேம் மென்பொருளோடு படிப்படியாக

ஆச்சி தவறிய இரவில், மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்று அப்பா கேட்டார். ஆச்சியை நாங்கள் நூறு முறையாவது படம் எடுத்திருப்போம். பழைய லேப்டாப், இரண்டு ஹார்டு டிஸ்க், மூன்று பேருடைய போன் என்று இரண்டு மணி வரை தேடினோம். கடைசியில் கிடைத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். காலையில் ஸ்டுடியோவில் அதைப் பெரிதாக்கியதும் கண்கள் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. அதே படத்தின் அசல், புடவைக் கரை வரை தெளிவாக, ஆறு மாதம் கழித்து ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற ஃபோல்டருக்குள் கிடைத்தது.

அதன் பிறகுதான் வீட்டுப் படங்களை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தேன். இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. முதல் முறை, கைக்குக் கிடைத்த ஒரு இலவச மென்பொருளில் மூன்று மாதம் பாடுபட்டு ஆல்பம் பிரித்து, முகங்களுக்குப் பெயர் போட்டேன். லேப்டாப் பழுதாகி ஃபார்மட் செய்தபோது படங்கள் பிழைத்தன. பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் போட்டதெல்லாம் அந்த மென்பொருளின் சொந்தத் தரவுக் கோப்பில் இருந்திருக்கிறது, படங்களுக்குள் போகவே இல்லை. இரண்டாம் முறை டிஜிகேம் (digiKam) என்ற இலவசப் பட மென்பொருளில் செய்தேன். சுமார் 27,000 படங்கள், மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்து ஐந்து மாதம்.

கீழே வரும் படிகளில் மற்றதெல்லாம் உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேதி, பெயர், ஊர் எல்லாம் படத்தின் கோப்புக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். நாளைக்கு மென்பொருளை மாற்றினாலும் கணினியே போனாலும் அவை படத்தோடு கூடவே வர வேண்டும்.

1. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள்

மென்பொருளை இறக்கும் வேலை அப்புறம். முதலில் ஒரு தாளை எடுத்து, படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். பீரோவில் கிடக்கும் பழைய போன், மெமரி கார்டு, பென் டிரைவ், கல்யாண ஸ்டுடியோ கொடுத்த டிவிடி, வெளியூரில் இருக்கும் தம்பியின் கூகுள் கணக்கு, அச்சுப் படங்கள் ஒட்டிய ஆல்பம். எங்கள் பட்டியலில் 14 இடங்கள் வந்தன. இந்தப் பட்டியல் இல்லாமல் தொடங்கினால், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் வேளையில் சித்தி ஒரு மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வருவார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினேன்; ஒவ்வொன்றும் 5,000 ரூபாயை ஒட்டி ஆனது. இப்போதைய லேப்டாப்புகளில் டிவிடி டிரைவ் கிடையாது என்பதால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். மென்பொருளுக்குச் செலவில்லை.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா படங்கள் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் அங்கே இருக்காது. ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் என்று தேடிப் போக வேண்டும். ஐபோன் என்றால், இணைப்பதற்கு முன் செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதியின் அடியில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வையுங்கள். எந்த போனாக இருந்தாலும் ‘கட்’ செய்யாதீர்கள், ‘காப்பி’ மட்டும். பாதி வழியில் கேபிள் ஆடினால் கட் செய்தது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கூகுள் ஃபோட்டோஸில் இருப்பவற்றை இறக்க ‘கூகுள் டேக்அவுட்’ பக்கம் இருக்கிறது. முதலில் ‘டிசெலக்ட் ஆல்’ கொடுத்து, கூகுள் ஃபோட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். கோப்பின் அளவை 50 ஜிபி என்று வைத்தால் துண்டுகள் குறையும். உங்கள் இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் என்றால் 2 ஜிபியே நல்லது. கேட்ட உடனே கிடைக்காது. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல் கழித்துத்தான் மின்னஞ்சல் வரும். வந்த இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே ஊருக்குப் போகும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஆல்பத்தில் சேர்த்த படம் ஆண்டு ஃபோல்டரில் ஒரு முறை, ஆல்பம் ஃபோல்டரில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 5-ஆம் படியில் கழித்துவிடலாம். கூகுளுக்குள் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இருக்காது. பக்கத்தில் வரும், .json என்று முடியும் ஜேசன் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்புகளைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

இத்தோடு இன்னொரு தொகுப்பையும் சேருங்கள், இது காகிதத் தொகுப்பு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பழைய பாஸ்போர்ட், கோயில் ரசீது, ரயில் டிக்கெட். தேதி தெரியாத படத்துக்கு இவைதான் சாட்சி. அச்சுப் படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தாத்தா பேனாவால் எழுதிய ஆண்டும் இருக்கலாம். அச்சுப் படங்களை ஸ்கேன் செய்வதென்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 4-க்கு 6 அங்குலப் படம் 2400-க்கு 3600 பிக்சல் வரும், அதே அளவில் திரும்ப அச்சிட்டாலும் தெளிவாக இருக்கும். எங்கள் ஊர் ஸ்டுடியோவில் ஒரு படத்துக்கு 15 ரூபாய் வாங்கினார்கள்.

2. எதையும் தொடுவதற்கு முன் ஒரு நகல்

சேர்த்த மொத்தத்தையும் இரண்டாவது ஹார்டு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்து, அந்த டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அதன்மேல் ‘தொடாதது’ என்று எழுதி ஒட்டுங்கள். வேலை முழுவதும் முடிந்து ஒரு மாதம் ஆகும் வரை அது அப்படியே இருக்கட்டும். நான் ஒரு முறை தவறுதலாக 600 படங்களின் தேதியை மாற்றிவிட்டேன். இந்த நகல் இருந்ததால் அரை மணி நேரத்தில் மீண்டேன்.

டிஸ்க் எஃப்ஏடி32 (FAT32) என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. கல்யாண வீடியோவில் இது கட்டாயம் இடறும். எக்ஸ்ஃபாட் (exFAT) அல்லது என்டிஎஃப்எஸ் (NTFS) முறைக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். மாற்றினால் டிஸ்க்கில் இருப்பது அழியும் என்பதால், காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

3. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். என் ஃபோல்டர்களை உள்ளபடியே விட்டுவைக்குமா, அல்லது தன் பெட்டிக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளுமா? போடும் பெயரையும் தேதியையும் படத்துக்குள் எழுதுமா? சந்தா கட்டாமல், இணையம் இல்லாமல் வேலை செய்யுமா?

கூகுள் ஃபோட்டோஸில் தேடுவது மிக எளிது. ஆனால் இலவச இடம் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்ளும். 100 ஜிபிக்கு நான் மாதம் 130 ரூபாய் கட்டினேன். ‘ஸ்டோரேஜ் சேவர்’ தரத்தில் ஏற்றினால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருங்கிவிடும். லைட்ரூம் கிளாசிக் நல்ல மென்பொருள்தான், படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது பொருந்தும். வீட்டுப் படங்களுக்காக மாதாமாதம் சந்தா கட்ட எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்என்வியூ எம்பி இலவசம், வேகமானது, பழைய கணினியிலும் ஓடும். உங்களுக்கு ஃபோல்டர் பார்ப்பதும் பெயர் மாற்றுவதும் மட்டும் போதும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இம்மிச் என்ற திறந்தமூல மென்பொருளும் பேசப்படுகிறது. வீட்டில் எப்போதும் ஓடும் கணினி ஒன்றும் அதைப் பராமரிக்கத் தெரிந்தவரும் இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள்.

டிஜிகேம் மூன்று கேள்விக்கும் சரியான பதில் சொன்னது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம், முகம் அறியும் வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். குறை உண்டு: மெனுக்கள் ஏராளம், முதல் வாரம் தலை சுற்றும். என் 8 ஜிபி ராம் லேப்டாப்பில் முகம் தேடும்போது வேறு வேலை செய்ய முடியவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஜேபெக் (.jpg என்று முடியும்) படத்துக்கு ஒரு டேக், அதாவது ஆள் பெயர், ஊர் போன்ற ஓர் அடையாளச் சொல், போடுங்கள். அந்தப் படத்தைப் பென் டிரைவில் எடுத்து வேறு ஒரு விண்டோஸ் கணினியில் வைத்து, ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’ பாருங்கள். டேக் அங்கே தெரிந்தால் படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. தெரியாவிட்டால் உங்கள் உழைப்பு வேறெங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையை நான் முதல் முறை செய்யாததால்தான் மூன்று மாதம் போனது.

4. நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

டிஜிகேமின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முதல் முறை திறக்கும்போது வரிசையாகக் கேள்விகள் கேட்கும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள்.

படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கும்; நீங்கள் சேர்த்து வைத்த மேல் ஃபோல்டரைக் காட்டுங்கள். தரவுக் கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்கும். கணினியின் உள் டிஸ்க்கையே கொடுங்கள், நெட்வொர்க் டிரைவில் வைக்கக் கூடாது. அடுத்து, தகவல்களைப் படக் கோப்புகளில் சேர்க்கட்டுமா, ஒன்றும் செய்யாமல் விடட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ‘ஆட் இன்ஃபர்மேஷன் டு ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான ஒரு கிளிக் இதுதான்.

தவறவிட்டவர்கள் செட்டிங்ஸில் ‘மெட்டாடேட்டா’ (படத்தைப் பற்றிய தகவல்கள்) பகுதிக்குப் போய், டேக், குறிப்பு, நட்சத்திரம், தேதி, முகம் ஆகியவற்றை எழுதச் சொல்லி டிக் செய்யலாம். அதற்கு முன்பே போட்டுவிட்ட டேக்குகள் இருந்தால், டூல்ஸ் மெனுவில் ‘மெயின்டெனன்ஸ்’ திறந்து, தரவுத்தளத்திலிருந்து (டிஜிகேமின் தரவுக் கோப்புகளிலிருந்து) படங்களுக்கு என்ற திசையில் ‘சிங்க்’ (இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் வேலை) ஓடவிடுங்கள். திசையை இரண்டு முறை சரிபாருங்கள்.

வீடியோக்களுக்கு இது போதாது. அதே மெட்டாடேட்டா பகுதியில் ‘சைட்கார்’ என்ற தாவல் இருக்கிறது. அங்கே வாசிப்பது, எழுதுவது இரண்டையும் இயக்கினால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று முடியும் சிறு கோப்பு உருவாகும். வீடியோவை வேறிடத்துக்கு எடுத்துப்போகும்போது அந்தச் சிறு கோப்பையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

முதல் முறை படங்களை வாசித்து முடிக்க எனக்கு ஓர் இரவு ஆனது. லேப்டாப் தானாகத் தூங்கிவிடாதபடி பவர் செட்டிங்கை மாற்றிவிட்டுப் படுங்கள்.

5. இரட்டைப் படங்களைக் கழியுங்கள்

டூல்ஸில் ‘ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்’ இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ‘ஃபிங்கர்பிரிண்ட்’ எடுக்க வேண்டும். அதுவும் ஓர் இரவு வேலை. தேடும்போது முதலில் 100 விழுக்காடு ஒத்தவற்றை மட்டும் கேளுங்கள். அவற்றை முடித்துவிட்டு 90-க்கு இறங்குங்கள். முதலிலேயே இறங்கினால் குழந்தை சிரிக்கும் படமும் அடுத்த நொடியில் கண் மூடிய படமும் ஒன்று என்று வந்து நிற்கும்.

எதை வைத்துக்கொள்வது? பிக்சல் அளவும் கோப்பின் அளவும் பெரிதாக இருப்பதை. வாட்ஸ்அப் நகல் 100 கேபி, அசல் 4 எம்பி என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது குழப்பமே இல்லை. ஆச்சி படத்தின் கதையை மேலே சொன்னேனே, அன்று என்னிடம் இருந்தது இந்த 100 கேபிதான்.

அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையே என்று திகைக்காதீர்கள். டிஜிகேமுக்குத் தனிக் குப்பைத்தொட்டி உண்டு; படத் தொகுப்பின் மேல் ஃபோல்டருக்குள்ளேயே அது மறைந்திருக்கும். ஒரு வாரம் விட்டு, தவறாக எதுவும் போகவில்லை என்று பார்த்துவிட்டு, டிஜிகேமுக்குள் இருந்தே அதைக் காலி செய்யுங்கள்.

6. தேதியைச் சரிசெய்யுங்கள்

நேரம் அதிகம் தின்றதும் பலன் அதிகம் தந்ததும் இந்தப் படிதான். கேமராவும் போனும் படம் எடுத்த தேதியைக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் எழுதிவிடும். அது சரியாக இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். விண்டோஸ் காட்டும் ‘மாடிஃபைட்’ தேதியை மட்டும் நம்பாதீர்கள், நகலெடுக்கும்போது அது மாறிவிடலாம். தகராறு செய்பவை மூன்று வகை.

முதலாவது வாட்ஸ்அப் படங்கள். வாட்ஸ்அப் எக்ஸிஃபை நீக்கிவிடும். ஆனால் கோப்பின் பெயரிலேயே 20190814 என்பதுபோல் எட்டு இலக்கத்தில் தேதி இருக்கும். அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஐட்டம் மெனுவில் நேரமும் தேதியும் மாற்றும் கருவியைத் திறந்து, தேதியை ‘ஃபைல் நேம்’ இலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சேமிப்பதற்கு முன் பழைய தேதியும் புதிய தேதியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், அதைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். அது வந்து சேர்ந்த தேதி என்பதையும் மறக்காதீர்கள். மாமா 2019-இல் அனுப்பிய 1985-ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் 2019-க்குள் போய் உட்கார்ந்துவிடும். பழைய படங்களை முதலில் தனியே பிரித்துவிட்டு மற்றவற்றுக்கு இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, கடிகாரம் பிசகிய கேமரா. பேட்டரி முழுவதும் தீர்ந்துபோன கேமராவில் தேதி பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். என் தங்கை கல்யாணத்தில் சித்தப்பா எடுத்த 340 படங்களும் 2008 ஜனவரி 1 என்று இருந்தன. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை, ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும். தாலி கட்டும் படம் சித்தப்பா கேமராவில் 2008 ஜனவரி 1, காலை 4.12. அதே நொடியை ஸ்டுடியோக்காரர் கேமராவும் பிடித்திருந்தது: 2014 மே 11, காலை 9.42. பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன், முகூர்த்தம் 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். ஆக ஸ்டுடியோ கேமராவின் கடிகாரம் சரி. இரண்டு தேதிகளையும் எக்செல்லில் கழித்தால் 2322 நாள், 5 மணி 30 நிமிடம். அதே கருவியில் ‘ஆட்’ என்று தேர்ந்தெடுத்து இந்த எண்களைக் கொடுத்தேன். 340 படங்களும் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கட்டுச்சோறு வரை, ஸ்டுடியோ படங்களோடு ஒன்றுக்கு ஒன்று பின்னிக்கொண்டு வரிசையாக நின்றன. அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டு முழுவதையும் காட்டினேன்.

மூன்றாவது, ஸ்கேன் செய்தவை. அவற்றில் ஸ்கேன் செய்த தேதி இருக்கும். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று வையுங்கள், கூடவே ‘தேதி உத்தேசம்’ என்று ஒரு டேக் போடுங்கள். இந்த டேக் இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவர், தாத்தா எல்லாப் படங்களையும் புத்தாண்டன்று எடுத்துக்கொண்டார் என்று நம்பிவிடுவார்.

7. ஃபோல்டர் பெயர்

டிஜிகேமில் ஆல்பம் என்பது டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரேதான். ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘2014-05-11 தங்கை கல்யாணம்’ என்பதுபோல் நிகழ்ச்சிக்கு ஒன்று. எண் முன்னால் இருந்தால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். சித்திரை, வைகாசி என்று மாதப் பெயரை முன்னால் வைத்தால் ஆடி முதலில் போய் நிற்கும். நிகழ்ச்சி எதுவும் இல்லாத அன்றாடப் படங்களுக்கு ‘2014-06 வீடு’ என்று மாதத்துக்கு ஒன்று போதும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகாதீர்கள். ஃபோல்டரை நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் டிஜிகேமுக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

பழைய ஸ்டுடியோ டிவிடியில் ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். அந்த எழுத்தை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, மாற்றிப் படித்துவிட்டுப் புதிதாகப் பெயர் வையுங்கள்.

8. முகங்களும் பெயர்களும்

இடது பக்கப் பட்டையில் ‘பீப்பிள்’ என்பதைத் திறந்து முகங்களைத் தேடச் சொல்லுங்கள். முதல் முறை அதற்கான தரவை இணையத்திலிருந்து இறக்கும், சில நூறு எம்பி ஆகலாம். தேடி முடிக்க எனக்கு மூன்று இரவுகள். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வயதில் பத்துப் பதினைந்து முகங்களுக்கு நீங்களே பெயர் கொடுங்கள். மீதியை அது ஊகித்துக் காட்டும். சரியானதை உறுதி செய்யுங்கள், தவறை நிராகரியுங்கள். அக்கா தங்கைகளை அது மாற்றிப் போடும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அதிகம் தடுமாறும். அவசரத்தில் ஒரு பக்கம் முழுவதையும் உறுதி செய்துவிட்டால், அந்தத் தவறிலிருந்தே அது மேலும் கற்றுக்கொள்ளும்.

எந்தப் பெயர் போடுவது என்பதில் ஒரு எச்சரிக்கை. உறவுமுறையில் போடாதீர்கள். எனக்கு அத்தை, என் மகளுக்குப் பாட்டி, என் அப்பாவுக்கு அக்கா. ‘அத்தை’ என்று போட்டால் என்னைத் தவிர யாருக்கும் அது உதவாது. பெயரை மட்டும் போட்டாலும் சிக்கல். தாத்தா பெயரைப் பேரன்களுக்கு வைக்கும் குடும்பத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். பெயரோடு ஊரையோ பிறந்த ஆண்டையோ சேருங்கள்: ‘சுப்பையா - அம்பை’, ‘சுப்பையா - 1987’. நடுவில் சிறு கோடுதான் போட வேண்டும். டேக் பெட்டியில் காற்புள்ளி போட்டால் டிஜிகேம் அதை இரண்டு டேக் என்று பிரித்துவிடும், சாய்கோடு போட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக்கிவிடும். எனக்கு ‘அம்பை’ என்ற பெயரில் தனியாக ஒரு டேக் முளைத்தது இப்படித்தான்.

தமிழில் டேக் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஊர் டேக் பட்டியலில் எனக்கு ‘ஸ்ரீரங்கம்’ இரண்டு முறை வந்தது. எழுத்து அச்சு அசலாக ஒன்று, ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றதில் உள்ள படங்கள் வராது. ‘ஸ்ரீ’யைச் சில விசைப்பலகைகள் ‘ஸ’ எழுத்தைக் கொண்டும், சில ‘ஶ’ எழுத்தைக் கொண்டும் உருவாக்குகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. ஒரு டேக்கில் உள்ள படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து மற்ற டேக்கைக் கொடுத்துவிட்டு, முதல் டேக்கை நீக்கினேன். அதன் பிறகு டேக்கைத் தட்டச்சு செய்வதே இல்லை, இருக்கும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் படியில் மென்பொருளைவிட உங்களுக்கு உதவப்போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள். ஞாயிறு மதியங்களில் பெரியம்மாவைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் எட்டுப் பெண்கள் நிற்கிறார்கள், எங்களுக்கு யாரையும் தெரியவில்லை. பெரியம்மா முகத்தைப் பார்க்கவில்லை, கம்மலைப் பார்த்தார். “இந்தப் பாம்படம் எங்க பெரியாச்சிது. அவளுக்கு அடுத்தாப்ல நிக்கது அவ மதினி” என்று இடமிருந்து வலமாக ஏழு பேரைச் சொன்னார். வலது பக்கப் பட்டையில் ‘கேப்ஷன்’ என்ற இடம் இருக்கிறது, அங்கே வரிசை மாறாமல் அப்படியே எழுதிவிட்டேன். எட்டாவது பெண் யார் என்று இன்னும் தெரியவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் நாற்பது படங்களுக்கு மேல் காட்டாதீர்கள். கண் வலிக்கும், அப்புறம் எல்லாரையும் ஒரே பெயரில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மற்ற எந்தப் படியைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள். வரிசையில் இதை 8-ஆவதாக எழுதியிருந்தாலும், வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் நாளைக்கே அவரிடமிருந்து தொடங்குங்கள்.

நட்சத்திரம் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அச்சிடத் தகுந்ததற்கு ஐந்து நட்சத்திரம், மற்றவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நல்ல முகப்படம் ஒன்றாவது ஐந்து நட்சத்திரத்தில் இருக்கட்டும்.

9. காப்பு நகல்

முடிந்த தொகுப்பு கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒன்று. மூன்றாவதை என் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப்பிப்பேன். ‘தொடாதது’ என்று எழுதிய டிஸ்க் ஒரு மாதம் கழித்து இந்த வேலைக்கு வந்துவிடும்.

நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் (FreeFileSync) என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் ‘மிரர்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் தவறுதலாக அழித்தது டிஸ்க்கிலும் அழிந்துவிடும். ‘அப்டேட்’ முறை புதியதைச் சேர்க்கும், எதையும் நீக்காது. முகங்களுக்குப் பெயர் போட்டு முடித்த பிறகு வரும் முதல் நகல் பல மணி நேரம் ஓடும். ஒவ்வொரு படக் கோப்பும் மாறியிருப்பதால் எல்லாம் மறுபடி போகும். டிஜிகேமின் தரவு ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். அது இல்லாவிட்டாலும் படங்களிலிருந்து பெயர்களைத் திரும்ப வாசித்துக்கொள்ளலாம், இருந்தால் இரண்டு மூன்று இரவு மிச்சம்.

நகலெடுத்துவிட்டோம் என்று அப்படியே மூடி வைக்காதீர்கள். அந்த டிஸ்க்கை வேறு கணினியில் செருகி, வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள்.

போனில் இடம் இல்லை என்று கூகுள் ஃபோட்டோஸின் ‘ஃப்ரீ அப்’ பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த நகல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அந்தச் செயலியில் காப்பு எடுத்த படத்தை அழித்தால் கணக்கிலிருந்தும் போகும். குப்பையில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

10. மாதம் ஒரு மணி நேரம்

மாதத்தின் முதல் ஞாயிறு, வீட்டில் உள்ள போன்களிலிருந்து புதிய படங்களை ‘வரவு’ என்ற ஃபோல்டருக்கு எடுப்பேன். மங்கலானவற்றையும் காலை வணக்கப் படங்களையும் அழித்துவிட்டு, மீதியை மாத ஃபோல்டருக்கு நகர்த்தி, முகம் தேடவிட்டு, நகலெடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு மாதம் விட்டால் அது நான்கு மணி நேரமாகிறது.

உறவினருக்கு அசல் தரத்தில் அனுப்ப வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது எடுத்த இடமும் நீங்கள் எழுதிய பெயர்களும் கூடவே போகும்; குழந்தைகள் படத்தை வெளியாட்களுக்கு இப்படி அனுப்ப வேண்டாம்.

கடைசியாக, ஒரு அரைப் பக்கத் தாளில் இவற்றை எழுதுங்கள்: டிஸ்க் எங்கே இருக்கிறது, இரண்டாவது யார் வீட்டில், கணினியின் கடவுச்சொல், ஐந்து நட்சத்திரப் படங்களைத் தேடுவது எப்படி. எங்கள் வீட்டில் அது பீரோ கதவின் உள்பக்கம், ரேஷன் கார்டு உறைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அப்பாவுக்கும் மனைவிக்கும் ஒரு முறை செய்து காட்டியிருக்கிறேன்.